மூன்றாம் வரிசை, வலது ஓரம்

என் மாமனார் தொலைக்காட்சியில் வந்தவர். பேட்டி கொடுத்ததில்லை, பாட்டுப் பாடியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ராணுவத்தில் இருந்தபோது தில்லியில் குடியரசு தின அணிவகுப்பில் நடந்து போனார். அதை நேரடி ஒளிபரப்பிலிருந்து அவருடைய முகாமில் யாரோ கேசட்டில் பதிவு செய்து ஆளுக்கொரு நகல் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய அணி திரையில் தெரிவது பதினோரு விநாடி. அதில் மூன்றாம் வரிசையின் வலது ஓரத்து ஆள் கேமராவுக்குப் பக்கமாக வருவது நான்கு விநாடி. கடிகாரம் வைத்து அளந்தது நான்தான். அந்த நான்கு விநாடிதான் மாமா. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்கு வந்தவர் எவரும் அதைப் பார்க்காமல் காப்பியைக் குடித்து முடித்ததில்லை.

போன ஆனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பழைய டப்பா டிவி இறங்கி, ஐம்பத்தைந்து அங்குலத்தில் புது டிவி சுவரில் ஏறியது. வாங்கச் சொன்னது நான். தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவனுக்கு இதுதான் கஷ்டம்: தன் யோசனையைப் பின்னால் மறுக்க முடியாது.

மாட்டி முடித்ததும் அத்தை மாமாவின் கை வைத்த நாற்காலியைத் தூக்கி வந்து திரைக்கு நேர் எதிரே, மூன்று முழ தூரத்தில் போட்டார். வீட்டுப் பெரியவர் முன்னால் உட்காருவார். எனக்கு அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். பெண்கள் கூடத்தின் மறு கோடியில் அடுக்களை வாசலில் நின்றபடியே பார்த்துக்கொள்வார்கள். பந்தியானாலும் கச்சேரியானாலும் எங்கள் பக்கத்தில் முதல் வரிசைதான் மரியாதை.

டிஸ்க்கைப் போட்டேன். அந்தக் கேசட்டை ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து டிஸ்க்காக மாற்றி வைத்ததும் நான்தான். அணி வந்தது. மாமா முன்னால் குனிந்தார்.

"மாப்ளே, நான் எங்க?"

"ஓரத்துல பாருங்க மாமா."

"ஓரத்துல பால்கோவால்லா நிக்குது."

உண்மைதான். தலைப்பாகை தெரிந்தது. அதற்குக் கீழே கிளறி இறக்கிய பால்கோவாவைப் போல ஏதோ ஒன்று, மூக்கும் கண்ணும் ஒன்றோடு ஒன்று குழைந்து. பழைய டிவியில் முகமாக இருந்தது இங்கே முகமாக இல்லை.

"நல்லாத்தான தெரியுது" என்றார் அத்தை, அடுக்களை வாசலிலிருந்து.

"நீ கண்ணாடியே போடாதவ. சும்மா இரு" என்றார் மாமா.

இது இத்தோடு முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம் மகாராஜபுரத்தில் இருந்தது. அத்தையின் தம்பி, முறைக்கு எனக்குச் சித்தப்பா. காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிலும் பயிற்சிப் பள்ளியில் டிரில் சொல்லிக் கொடுத்தவர். ராணுவத்துக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்து எடுத்தால் என்ன நடக்குமோ அது இருபது வருடமாக நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் கட்சி ஒன்றே ஒன்றுதான்: அந்த ஓரத்து ஆள் மாமா இல்லை. டப்பா டிவி காலத்திலேயே, "அது யாரோ வடக்கத்தியான்ல. அத்தான் அன்னைக்கு முகாம்ல உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்திருப்பாக" என்பார். இந்த வருடம் ஆடிப்பூரத் தேருக்கு வந்து நான்கு நாள் தங்கப்போவதாகச் சொல்லியிருந்தார். புது டிவி செய்தி எட்டியதும் போனில் கூப்பிட்டார்.

"அத்தான், இம்புட்டுப் பெரிய டிவியாமே. இப்பவாவது நீங்க உள்ள இருக்கீகளா?"

"வந்து பாரு" என்று மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ளே, தேர் வாரதுக்குள்ள எம் மூஞ்சி தெரியணும். அவன் வாயை மூடணும்."

அன்றிலிருந்து ஆடிப்பூரம்வரை என் சனிக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லை.

ராஜபாளையத்து ஸ்டுடியோக்காரரிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "சார், டிவியில குத்தமில்ல. டிஸ்க்குலயும் குத்தமில்ல. நடுவுல ஆளில்ல. அதான் குத்தம்" என்றார். உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தார். ஸ்கேலராம். "தேர் வரைக்கும் வச்சுப் பாருங்க. பொறவு கொண்டாங்க."

வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் இணையத்தில் படித்தேன். விஷயம் கடினமில்லை. பழைய படத்தில் கோடுகள் ஐந்நூற்றுச் சொச்சம், புதுத் திரையில் இரண்டாயிரத்துச் சொச்சம். இல்லாத கோடுகளை யாராவது ஊகித்து நிரப்ப வேண்டும். டிவிக்குள்ளேயே அதற்கு ஒரு சில்லு உண்டு. அந்த வேலையைத் தான் இன்னும் நன்றாகச் செய்வதாகச் சொல்லும் வெளிப்பெட்டிதான் ஸ்கேலர். செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஒருவர் பெட்டியை மாட்டியதும் கண்ணே திறந்துவிட்டது என்கிறார். அடுத்தவர் அது வெறும் மனப்பிரமை என்கிறார். மூன்றாமவர் இருவரையும் ஒயரை மாற்றச் சொல்கிறார். சைவ, வைணவ வாதப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில்கூட எதிராளி சொன்னதை ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்கள். இங்கே அந்த மரியாதையும் இல்லை.

ஆடி முதல் வெள்ளி, விடுப்புப் போட்டுவிட்டுப் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் போனேன். "என்ன சார், பால்கோவா ஊருக்கே பெட்டி கொண்டு போறீக?" என்றார் கண்டக்டர். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டில் ஒயர்களைப் பிரித்து, டிஸ்க் பிளேயரின் மஞ்சள் ஒயரைப் பெட்டிக்கும் பெட்டியின் ஒயரை டிவிக்குமாக மாட்டினேன். ரிமோட்டை அமுக்கினால் பெட்டி அசையவில்லை. பாட்டரியை மாற்றினேன். குறிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஒயரை எல்லாம் கழற்றி மறுபடி மாட்டினேன். அரை மணி நேரம் போனபின்தான் கவனித்தேன்: நான் கை கழுவப் போன இடைவெளியில் அத்தை, ஆடி வெள்ளி, வீட்டுக்கு வந்த புதுச் சாமான் என்று பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். ரிமோட்டின் ஒளி போய்ச் சேரும் சின்னக் கறுப்புக் கண்ணாடி அந்த நெற்றியில்தான் இருக்கிறது.

"தொடைச்சிராதீக, நல்ல நாளு" என்றார் அத்தை.

"கண்ணை மறைக்குது அத்தை."

"அப்ப மேல வச்சிக்கிடுவோம்" என்று பெட்டியின் உச்சியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பழையதை நான் துடைத்தேன்.

படம் வந்தது. மாமா பார்த்தார். "கூராத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொருத்தன் தலையைச் சுத்தியும் சாமி படத்துல இருக்க மாதிரி ஒளி வட்டமில்ல அடிக்குது?"

பெட்டியும் படத்தைக் கூராக்குகிறது, டிவியும் மறுபடி கூராக்குகிறது, அதனால்தான் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறது என்று விளக்கினேன். டிவியின் பங்கைக் குறைத்தேன். "ஏன் மாப்ளே மங்கலாக்குதீக?" என்றார். ஏற்றினேன். "வட்டம் வந்துட்டே." குறைத்தேன். பெருமூச்சு விட்டார்.

அடுத்தது அகலம். பழைய படம் சதுரத்துக்குப் பக்கம்; புதுத் திரை நீளம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். "இம்புட்டு இடம் சும்மா கிடக்கே" என்று மாமாவுக்கு மனசு ஆறவில்லை. நான் அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து நிரப்பிவிட்டார். மொத்தப் படையும் பருத்து, சமையல்கட்டிலிருந்து நேரே அணிவகுப்புக்கு வந்தது போல ஆகிவிட்டது. "இதுல நான் கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கேன்" என்றார். அப்படியே விடச் சொன்னார். முகத்தைத் தேடும்போது மட்டும் சரியான அகலம் வேண்டும் என்று அரை நாள் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சோதனை வைத்தேன். மாமா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பெட்டி வழியாகவோ, நேராகவோ படத்தை மாற்றுவேன். கண்ணைத் திறந்து எது மேல் என்று சொல்ல வேண்டும். ராணுவத்துக்காரர், சொன்னபடி மூடினார். முதல் முறை பார்த்தார். மூடினார். இரண்டாம் முறை பார்த்தார். "இது எம்புட்டோ மேல். இப்பத்தான் மூக்கு தெரியுது" என்றார்.

நான் எதையும் மாற்றவே இல்லை. இரண்டும் ஒன்று. மூன்றாம் முறை உண்மையாகவே மாற்றினேன். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்றார். நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"என்னையவே சோதிக்கீகளா மாப்ளே?"

ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். பழைய படம் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் அனுப்பும். அவற்றைச் சரியாகச் சேர்க்காவிட்டால் நடக்கிற காலின் ஓரம் சீப்புப் பல்லைப் போலத் தெரியும். பெட்டி அந்தச் சீப்பை நன்றாகவே எடுத்துவிட்டது. கால்கள் கால்களாக இருந்தன. ஆனால் மாமா கேட்டது காலை இல்லை. முகத்துக்குக் கேசட்டில் இருந்ததே கைப்பிடி அளவு புள்ளிகள். அவற்றை எந்தப் பெட்டி எப்படிப் பெருக்கினாலும் கிடைப்பது பெரிய பால்கோவாதான்.

அத்தை அன்றும் சொன்னார்: "நல்லாத்தான தெரியுது. எதுக்கு இந்தப் பாடு?"

"அத்தை, செத்த நேரம் கிட்ட வந்து பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார். மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தார். "ஆமா. கிட்ட வந்தா கெட்டுப் போகுது" என்றார். மாமாவும் நானும் சிரித்தோம். இரண்டு பேரில் ஒருவனாவது புத்தகம் படித்தவன்.

தேருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. பெட்டியைக் கழற்றினேன். ஒயரைச் சுருட்டினேன். மாலை பஸ்ஸில் கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். அதுவரை பெட்டி டிவிக்குக் கீழே பலகையில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. பிளேயரை நேராக டிவியில் மாட்டி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டிஸ்க்கைப் போட்டேன். மாமா எழுந்து, ரத்த அழுத்த மாத்திரை போட அடுக்களைக்குப் போனார். தம்ளரும் கையுமாகத் திரும்பி வாசலில் நின்றார்.

"மாப்ளே. மறுபடி போடுங்க."

போட்டேன்.

"இன்னொருக்க."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். முகம் இருந்தது. மூக்கு, தாடை, இறுக்கிய வாய், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதினெட்டு அடி தள்ளி நின்றால் ஐம்பத்தைந்து அங்குலம் பழைய டப்பா டிவியின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, புள்ளிகள் தாமாகச் சேர்ந்துகொள்கின்றன. எந்த ஆணும் உட்கார்ந்து பார்க்காத இடம் அது. மூன்று வாரமாக வெளிச்சம், கூர்மை, ஒயர், விடுப்பு நாள் என்று எழுதித் தள்ளிய என் குறிப்பேட்டில் நாற்காலி ஓரிடத்திலும் இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார் அத்தை. உண்மை. அந்தத் தேதியும் என்னிடம் இருந்தது.

மாமா மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது நான் இல்ல மாப்ளே" என்றார்.

"என்ன மாமா?"

"ஓரத்துல நிக்கது கன்னியாகுமரிக்காரன். தாடையப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நான் அவனுக்கு அடுத்தவன். அவன் மறைக்கான். ஊர்ல மொதமொத கேசட்டப் போட்டப்ப, எல்லாரும் இந்தா இதான் நீன்னு காட்டுனாங்க. ஆமான்னுட்டேன். பொறவு எனக்கே அப்படித்தான் ஆகிப்போச்சு." தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க உங்க புத்தகத்துல எழுதிட்டீகளா?"

குடும்ப வரலாறு ஒன்று எழுதி வருகிறேன். "எழுதிட்டேன் மாமா. மூன்றாம் வரிசை, வலது ஓரம்னு."

"பேனாவுலயா?"

"பேனாவுலதான்."

அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் மனநிலை எனக்கு இல்லை. விட்டுவிட்டு வந்தேன்.

ஆடிப்பூரத்தன்று தேர் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். சித்தப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நேராக மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். விருந்தாளி, முன்னால்தான் உட்காருவார்.

"போடுங்க மாப்ளே, உங்க மாமா வந்த படத்த."

மாமா வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. போட்டேன்.

"என்னத்தான் இது? உருளைக்கிழங்கு உரிச்சீகன்னு நெனச்சேன். நீங்களே உருளைக்கிழங்கா இருக்கீகளே!"

அத்தைக்குத் தாங்கவில்லை. மாமா என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. "ஏலே, அங்க இருந்தா ஒரு மண்ணும் தெரியாது. இங்க வந்து பாரு, அவிய மூஞ்சி அப்படியே தெரியும்" என்று கூப்பிட்டார்.

சித்தப்பா எழுந்தார். மாமாவின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். கூடத்தைக் கடந்து சித்தப்பாவும் மாமாவும் அடுக்களை வாசலில் நின்றார்கள். நான் கையில் ரிமோட்டோடு நின்றேன். அமுக்குவதா வேண்டாமா?

"போடுங்க மாப்ளே" என்றார் மாமா. சித்தப்பா பக்கம் திரும்பி, "ஏலே, நீ சொன்னது நெசம். ஓரத்துல வாரவன் நான் இல்ல. நான் அவனுக்கு அங்கிட்டு. தெரிய மாட்டேன்" என்றார்.

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். சித்தப்பா இதற்காக இருபது வருடம் காத்திருந்தவர். வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் அணி வந்துவிட்டது, அவருடைய கண் அதன் மேல் போய்விட்டது. டிரில் சொல்லிக் கொடுத்தவரின் கண்.

"நிறுத்துங்க. திரும்பப் போடுங்க. மாப்ளே, கையப் பாருங்க, கைய. எல்லாவனுக்கும் கை ஒரே உசரத்துல வருது. அந்த ஓரத்தான் கைக்கு மேல இன்னொரு கை ஏறுது பாருங்க. வெள்ளை உறை. எவம்ல அவன், ஒரு விரக்கடை கூடத் தூக்குதான்? எம் பள்ளியில இருந்தா மைதானத்த மூணு சுத்து ஓட விட்டிருப்பேன்!"

மாமா வலது கையை முன்னால் வீசிக் காட்டினார். தோளுக்கு நேரே நிற்க வேண்டிய கை, ஒரு விரல் அளவு மேலே போய் நின்றது.

"எங்க ஹவில்தாரும் ஓட விட்டாரு. ரெண்டு மாசம். சரியாவே வரல."

சித்தப்பா திரையைப் பார்த்தார். மாமாவின் கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் போடச் சொன்னார்.

"அட, நீருதான்வே!" என்றார். அத்தான் என்ற முறையே அந்த நேரம் மறந்துவிட்டது. "தில்லி வரைக்கும் போயி, நாடே பாக்கையில தப்பு பண்ணிருக்கீரு!"

"பண்ணிருக்கேன்ல?" என்றார் மாமா. முகம் முழுக்கப் பல்.

அடுத்த அரை மணி நேரம் இரண்டு பேரும் அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கையைப் பதினாறு முறை போட்டுக் காட்டினேன். அத்தை, "வழிய விடுங்க, சோறு ஆறுது" என்று நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்லவில்லை, கரண்டிக் காம்பால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார்.

சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார்: "உள்ளதச் சொல்லணும்லா. பெட்டி நல்ல பெட்டி. டப்பா டிவியில அந்தக் கை எங்க தெரிஞ்சது?"

டப்பா டிவியில் யாரும் கையைப் பார்க்கவில்லை, எல்லோரும் ஓரத்து ஆளின் முகத்தைத்தான் பார்த்தார்கள். இதைச் சொல்ல ஆரம்பித்து, விட்டுவிட்டேன். "சித்தப்பா, பெட்டி மாட்டவே இல்ல. செவ்வாய்க்கிழமையே கழத்தியாச்சு. அந்தா, ஒயரக்கூடச் சுருட்டி வச்சிருக்கேன்."

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். அன்று காலை வைத்த புதுப் பொட்டு அதன் உச்சியில் இருந்தது.

"மாட்டாமயே இம்புட்டுத் தெரியுதுன்னா, மாட்டுனா எம்புட்டுத் தெரியும்!"

மாமா தலையை ஆட்டினார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

என் புத்தகத்தில் 'வலது ஓரம்' என்பதை அடித்துவிட்டு, 'வலது ஓரத்துக்கு அடுத்து. கை மட்டும்' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டேன். நாற்காலி இன்னும் மூன்று முழ தூரத்தில்தான் கிடக்கிறது. வருகிறவரை முதலில் அதில் உட்கார வைத்து, பிறகு எழுப்பி அடுக்களை வாசலுக்குக் கூட்டிப் போகிறார்கள். பெட்டியைத் திருப்பித் தர மாமா சம்மதிக்கவில்லை. நேற்று ஸ்டுடியோக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்தார்.

"பெட்டி எப்படி சார் இருக்கு?"

"மாட்டல. சும்மாதான் இருக்கு."

"அப்ப கொண்டாங்க சார்."

"அவரு தரமாட்டேங்காரே" என்றேன்.